ஹெக்டரா, பேட்ரோக்ளஸா: ஒளிமாற்றம் அளக்க எதை எடுக்கலாம்?

இரண்டும் வியாழனின் பாதையிலேயே சூரியனைச் சுற்றும் டிரோஜன் குறுங்கோள்கள். ஹெக்டர் வியாழனுக்கு 60 பாகை முன்னே, பேட்ரோக்ளஸ் 60 பாகை பின்னே. ஹைடல்பெர்க்கில் 1906-லும் 1907-லும் இவற்றைக் கண்டுபிடித்தவர் ஆகஸ்ட் கோப்ஃப்.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஹெக்டர்தான். சூரியனுக்கு நேர் எதிரே வரும்போது ஒளியளவு (எண் கூடக்கூட மங்கல்) 14-ஐ ஒட்டியிருக்கும், 20 செ.மீ. தொலைநோக்கியும் கேமராவும் போதும். சுமார் 400 கி.மீ. நீளமும் அதில் பாதி அகலமும் கொண்ட உடல் 6.92 மணி நேரத்தில் ஒருமுறை சுழல்வதால், நீண்ட ஓர் இரவிலேயே ஒளி கூடிக் குறைவதைக் காட்டும் முழு வளைவும் கிடைத்துவிடும். ஒரு சுழற்சிக்கு இரண்டு உச்சங்கள் வரும். பாதி இரவோடு நிறுத்தினால் சுழற்சிக் காலத்தைப் பாதியாகக் கணக்கிட்டுவிடுவோம். இன்னொரு சிக்கல், துருவம் நம்மை நோக்கியிருக்கும் ஆண்டுகளில் ஒளிமாற்றம் வெகுவாகக் குறைந்துவிடும். குறுங்கோள் வானில் நகர்வது மணிக்கு ஏறத்தாழ 20 விகலை (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை). ஒரு படத்துக்கு 2, 3 நிமிடத்துக்கு மேல் போனால் புள்ளி கோடாக இழுபடும்.

பேட்ரோக்ளஸுக்குப் பொறுமை வேண்டும். அது ஒன்றல்ல, இரண்டு: சுமார் 113 கி.மீ. பேட்ரோக்ளஸும் 104 கி.மீ. மெனோயிட்டியஸும் 4.28 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. சாதாரண நாட்களில் ஒளிமாற்றம் மிகச் சிறிது. ஒளியை ஒப்பிட்டு அளக்கும் ஒப்பு நட்சத்திரங்களை இரவுக்கு இரவு மாற்றினால் அந்தச் சிறு மாற்றமும் பிழைக்குள் மூழ்கிவிடும். ஆனால் ஒன்றையொன்று மறைக்கும் பருவம் வந்தால் ஒவ்வொரு மறைப்பும் பொன்னானது. அவை ஒன்றையொன்று சுற்றும் பாதையைத் திருத்தமாகக் கணிக்க அது நல்ல வழி. நாசாவின் லூசி விண்கலம் 2033-இல் அங்கேதான் போகிறது.