பீர் மென்பொருளில் இஞ்சி பானம்: இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பீர் காய்ச்சுவதில்லை. தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் இடம் கொடுக்காது. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில்தான் இருக்கிறது. நான் செய்வது கருப்பட்டி இஞ்சி பானம். இஞ்சி, கருப்பட்டி, எலுமிச்சை, கொஞ்சம் உறை. இஞ்சியைத் தட்டிச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டு, தினமும் ஒரு கரண்டி ஊட்டி வளர்க்கும் கரைசலைத்தான் எங்கள் வீட்டில் உறை என்கிறோம். பானத்தைப் பாட்டிலில் அடைத்து ஒரு நாள் வைத்தால் தானாக நுரை கட்டும். கோலி சோடா அளவுக்கு இல்லை, ஆனால் தொண்டையில் சுருக்கென்று ஏறும். வாலிநோக்கம் வெயிலுக்கு அது போதும்.

இதற்கு எதற்கு, பொருள்களின் அளவைப் போட்டால் அடர்த்தியையும் ஆல்கஹாலையும் கணக்கிட்டுச் சொல்லும் பீர்க்காரர்களின் மென்பொருள்? காரணம் இரண்டு. ஒன்று, நோட்டில் 'கருப்பட்டி ரெண்டு வட்டு' என்று எழுதி வைத்திருந்தேன். இரண்டு லிட்டருக்குச் சரியாக வந்தது. ஒரு விசேஷத்துக்காகப் பத்து வட்டு போட்டுப் பத்து லிட்டர் செய்தபோது பாயசம் மாதிரி ஆகிவிட்டது, ஏனென்றால் அந்தக் கடை வட்டு வேறு கனம். இரண்டாவது காரணம்தான் முக்கியம். அரை சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது மதுபானம் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரையறை. பிள்ளைகளும் குடிக்கிற பானம், அந்த அளவைத் தொடவே கூடாது. மற்றவர்கள் ஆல்கஹால் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கத் திறக்கும் மென்பொருளை நான் ஏறாமல் இருக்கிறதா என்று பார்க்கத் திறக்கிறேன்.

தேர்ந்தெடுப்பதில் அதிகம் மண்டையை உடைக்கவில்லை. பியர்ஸ்மித் 2003-இலிருந்து இருப்பது, கணினியில் நிறுவிக்கொள்ளலாம், நெட் இல்லாவிட்டாலும் ஓடும். ப்ரூவர்ஸ் ஃப்ரெண்ட் உலாவியிலேயே வேலை செய்யும். ப்ரூடார்கெட் முழுக்க இலவசம், திறந்த மூலம். ப்ரூஃபாதர் நார்வேயில் உருவானது, போனிலும் திறக்கலாம். கடைசியாகச் சொன்ன ப்ரூஃபாதரைத்தான் எடுத்தேன். அடுப்பங்கரையில் கையில் இஞ்சிச் சாறோடு நிற்கும்போது மேஜைக் கணினியிடம் ஓட முடியாது, அவ்வளவுதான் காரணம். எல்லாமே பியர்எக்ஸ்எம்எல் என்ற பொதுக் கோப்பு வடிவத்தைப் புரிந்துகொள்வதால், பிடிக்காவிட்டால் செய்முறைகளோடு வேறு இடம் போகலாம் என்ற தைரியமும் இருந்தது.

எதை எடுத்தாலும் முதல் வேலை அமைப்புக்குள் போய் காலன், பவுண்டு, பாரன்ஹீட் எல்லாவற்றையும் லிட்டர், கிராம், செல்சியஸாக மாற்றுவது. அடுத்த வேலை கருப்பட்டி. பட்டியலில் நூற்றுக்கணக்கான மால்ட் (பீருக்காக முளைகட்டிக் காயவைத்த தானியம்) வகைகள் இருக்கும், நம் கருப்பட்டி இருக்காது. முதலில் நாட்டுச் சர்க்கரைக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றைப் போட்டேன். பத்து லிட்டரில் ஒரு கிலோ கரைத்தால் அடர்த்தி 1.038 வரும் என்றது (வெறும் தண்ணீர் 1.000). சாயல்குடிக் கருப்பட்டியை அளந்தால் 1.032-தான் வந்தது. ஈரமும் கசடும் போக மிச்சம்தானே சர்க்கரை. அந்த எண்ணைக் கொண்டு 'கருப்பட்டி' என்று புதிதாக ஒரு பொருளைச் சேர்த்துக்கொண்டேன். ஒரு தடவை வேறொரு கடைக் கருப்பட்டி 1.037 காட்டியது. சீனி கலந்ததா என்று கேட்டதற்குக் கடைக்காரர் பதில் சொல்லவில்லை, சிரித்தார்.

தண்ணீர்ப் பக்கத்தில் ஒரு மாதம் வீணாக்கினேன். கால்சியம், சோடியம், குளோரைடு, சல்பேட் என்று கேட்கும். பீருக்குப் பேர்போன பில்சன் ஊர்த் தண்ணீர், பர்ட்டன் ஊர்த் தண்ணீர் எல்லாம் தயாராக இருக்கும். நம் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கும், அதற்கு மென்பொருள் வேண்டாம். மால்ட் ஊற வைக்காதவர்களுக்கு அந்தப் பக்கமே தேவையில்லை. காவிரிக் கூட்டுக்குடிநீர் வருகிற நாளில் பிடித்து வைத்துக்கொள்கிறேன், முடிந்தது.

இப்போது ஹைட்ரோமீட்டர் கதை. சில நூறு ரூபாய்க்கு வாங்கிய கண்ணாடிக் குழல். கரைசலில் மிதக்கவிட்டு, மட்டம் எங்கே வெட்டுகிறதோ அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். நொதிக்கும்போது சர்க்கரை குறையும், எண் இறங்கும். எனக்கு ஏறியது! காய்ச்சிய அன்று 1.026. மறுநாள் நுரை பொங்கும் பானத்தில் 1.029. மென்பொருளில் போட்டால் ஆல்கஹால் மைனஸ் கணக்கில் வந்தது. மூன்று முறை செய்தும் அதே கதை. கருவிதான் கோளாறு என்று திருப்பி அனுப்பக் கட்டி வைத்திருந்தேன்.

அந்த வாரம் மாமா வந்திருந்தார். உப்பளத்தில் முப்பது வருடம் இருந்தவர். அங்கே உப்புத் தண்ணீரின் அடர்த்தியை இதே மாதிரிக் குழலால் அளந்து டிகிரியில் சொல்வார்கள். மேஜை மேல் இருந்ததைப் பிரித்து எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, நீயும் டிகிரி பாக்குறியா?"

விஷயத்தைச் சொன்னேன்.

"மொத நாள் சூடா இருந்துச்சா?"

"ஆமா மாமா, அடுப்புல இருந்து எறக்கி கொஞ்ச நேரத்துல பாத்தேன்."

"மறுநாள்?"

"பிரிட்ஜ்ல இருந்து எடுத்து."

"அப்புறம் ஏன் கண்ணாடிய திட்டுற? பாத்தியில காலைல பாத்தா ஒண்ணு, உச்சிவெயில்ல பாத்தா ஒண்ணு காட்டும். சூடு பாத்துத்தான் டிகிரி சொல்லணும்."

அதுதான் விஷயம். என் கருவி 20 டிகிரி செல்சியஸுக்கு அளவிட்டது. 40-இல் கரைசல் இளகி ஆறு புள்ளி (0.006) குறைத்துக் காட்டும். 10-இல் ஒன்றரை புள்ளி கூட்டிக் காட்டும். திருத்திப் பார்த்தால் 1.032-இலிருந்து 1.027 சொச்சத்துக்கு ஒழுங்காகத்தான் இறங்கியிருக்கிறது. இந்தத் திருத்தத்தைச் செய்ய மென்பொருளிலேயே தனிக் கட்டம் இருக்கிறது; எனக்கு எதற்கு என்று தாண்டிப் போயிருந்தேன். இப்போது வெப்பநிலை எழுதாமல் எண் எழுதுவதில்லை. வாயு குமிழி குழலைத் தூக்கிவிடும் என்பதால் மாதிரியை நன்றாகக் குலுக்கி நுரையை விரட்டிய பிறகுதான் அளப்பதும்.

அடுத்தது, இந்த மென்பொருள்கள் எல்லாம் சர்க்கரை தீரும் வரை ஈஸ்ட் வேலை செய்யும் என்று எடுத்துக்கொண்டே கணக்குப் போடும். அதனால் என் பானத்துக்கு நாலு சதவீத ஆல்கஹால் என்று பயமுறுத்தியது. நான் பாதியில், இல்லை, தொடக்கத்திலேயே பிரிட்ஜில் வைத்து நிறுத்திவிடுகிறேன் என்பது அதற்கு எப்படித் தெரியும்? ஈஸ்ட் பட்டியலில் 'உறை' என்று சேர்த்து, சர்க்கரையில் 12 சதவீதம்தான் தின்னும் என்று எழுதினேன். 1.030-இல் தொடங்கினால் 1.0264-இல் நிற்கும், வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் 0.47 சதவீதம். கோட்டுக்கு இந்தப் பக்கம்.

பாட்டில் வெடித்த கதையும் இதே குடும்பம்தான். நுரை பத்தவில்லை என்று வாயுக் கணக்குப் பக்கத்தைத் திறந்தேன். லிட்டருக்கு இத்தனை கிராம் சர்க்கரை சேர் என்றது, சேர்த்தேன். அந்தக் கணக்கு முழுக்க நொதித்து முடிந்த, சர்க்கரையே மிச்சமில்லாத பீருக்கானது. என் பானத்தில் ஏற்கெனவே லிட்டருக்கு எண்பது கிராம் கிடக்கிறது. அன்று ராத்திரி கரண்ட் போய் விடியத்தான் வந்தது. மூன்று கண்ணாடிப் பாட்டில்கள் பிரிட்ஜுக்குள்ளேயே போயின. அம்மா ஒரு வாரம் பேசவில்லை. மீன் குழம்புச் சட்டிக்குள் கண்ணாடித் துண்டு கிடந்தால் யார்தான் பேசுவார்கள்? அதிலிருந்து பிளாஸ்டிக் பாட்டில்தான். விரலால் அமுக்கினால் கல் மாதிரி இருக்கிறதா, உடனே குளிரில். மீதியை அன்றே குடித்துத் தீர்த்துவிடுவது.

நொதிக்கும் வெப்பநிலைக்கும் ஒரு கட்டம் உண்டு. அதில் 20 போட்டாலும் 34 போட்டாலும் ஆல்கஹால் கணக்கு மாறவில்லை. வெளிநாட்டுச் செய்முறையில் மூன்று நாள் என்று இருப்பது கச்சான் காற்று வீசும் ஆனி மாதத்தில் எங்கள் வீட்டில் பதினாறு மணி நேரம். மார்கழியில் ஒன்றரை நாள். இதை எந்தக் கட்டத்திலும் எதிர்பார்க்காதீர்கள், குறிப்புப் பகுதியில் நீங்களேதான் எழுதி வைக்க வேண்டும். எனக்கு இப்போது கணக்குகளைவிட அந்தக் குறிப்புகள்தான் அதிகம் உதவுகின்றன. போன வருடம் இதே மாதம் எப்போது அமுக்கிப் பார்த்தேன் என்று தேடினால் கிடைக்கிறது.

இலவசக் கணக்கில் செய்முறைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. என்னைப் போல் ஒரே பானத்தைத் திரும்பத் திரும்பச் செய்பவருக்கு அதுவே தாராளம். நான் இரண்டாம் வருடம் சந்தா கட்டினேன், பழைய தொகுதிகளின் (ஒவ்வொரு தடவை காய்ச்சியதும் ஒரு தொகுதி) பதிவுகள் வேண்டும் என்பதற்காக மட்டும்.

மென்பொருளில் நான் பார்ப்பது 1.032 மாதிரி எண், மாமா சொல்வது உப்பளத்து டிகிரி (போமே என்ற அளவுமுறை). அதனால் குறிப்பில் கையால் எழுதிவிடுகிறேன். 1.032 என்றால் அவர் கணக்கில் நாலரை. "உப்பு விழ இருவத்தஞ்சு வரணும். கடத்தண்ணியே மூணு, மூணரை இருக்கும்" என்றார். "இம்புட்டு பாடுபட்டு கடத்தண்ணிக்கு ஒரு டிகிரி மேலயா?" போன வாரத் தொகுதியில் ஒரு தம்ளர் கொடுத்தேன். மெதுவாகக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்தார். அவர் சொன்னதையும் பதிவில் சேர்த்திருக்கிறேன்: தொடக்கம் நாலரை, வெப்பம் 31, மாமா - இஞ்சி காணாது.