தொடைத் தசை: மூளை இழுப்பதும் மெஷின் இழுப்பதும்

நிலாவெளிக் கரையில் கரைவலை இழுப்பவர்களைப் பாருங்கள். எல்லாரும் எப்போதும் முழுப் பலத்தையும் போடுவதில்லை. ஒருவர் கை தளரும்போது பக்கத்தில் நிற்பவர் தாங்கிக்கொள்கிறார். மூளை தசையை இழுப்பதும் இப்படித்தான். ஒரு நரம்புக் கலமும் அது இயக்கும் தசைநார்களும் சேர்ந்ததுதான் ஓர் இயக்க அலகு. முதலில் சிறிய, எளிதில் களைக்காத அலகுகள் இறங்கும். பாரம் கூடினால்தான் பெரியவை. நரம்பு நுனியில் அசற்றைல்கோலின் என்ற செய்தி கடத்தும் இரசாயனம் சுரக்கும், தசைநாருக்குள் கல்சியம் வெளிப்படும், மயோசின் என்ற புரத இழை அக்டின் என்ற புரத இழையைப் பிடித்து இழுக்கும்.

தோலில் மின்வாய் (மின்னோட்டம் பாய்ச்சும் ஒட்டுப்பட்டை) ஒட்டித் தூண்டும் மெஷினும் நரம்பைத்தான் தட்டுகிறது. ஆனால் முறைவைத்து ஆள் மாற்ற அதற்குத் தெரியாது. ஒவ்வொரு துடிப்புக்கும் அதே அலகுகளே ஒன்றாகச் சுருங்குகின்றன. களைப்பு வெகு சீக்கிரம் வந்துவிடும். செக்கனுக்கு 10 துடிப்பு என்றால் தசை வெறுமனே நடுங்கும். 35 முதல் 50 வரை சீராக இறுகும். 10 செக்கன் இறுக்கினால் 30 முதல் 50 செக்கன் ஓய்வு விட வேண்டும். இந்த ஓய்வைக் குறைப்பதுதான் வழக்கமான பிழை.

திருகோணமலை வெக்கையில் இன்னொரு தொல்லை: வியர்வையும் எண்ணெயும் பட்டு மின்வாயின் ஓரம் கிளம்பும். மின்னோட்டம் ஒட்டியிருக்கும் சிறு இடத்தில் குவிந்து சுள்ளென்று எரியும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து உலர்த்திவிட்டு ஒட்டுங்கள்.

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் தொடைத் தசை சொல் கேட்காதபோது மெஷின் நல்ல துணை. காலைத் தானாக நீட்ட முடிந்தவருக்குப் பயிற்சியே மேல். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் மெஷினைத் தொடவே வேண்டாம்.