கஜாவுக்குப் பிறகு என் அம்பாசிடரின் வயரிங்: ஆறு ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1986ஆம் ஆண்டு வண்டி, மார்க் 4. அப்பா வாங்கியது. வீடு நாகப்பட்டினத்தில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது வண்டி நின்ற கொட்டகையின் தகரக் கூரை பறந்துவிட்டது. தென்னை விழுந்து வண்டி நசுங்காமல் தப்பியதே பெரிது என்றிருந்தோம். ஊர் நிமிர்ந்து நிற்கப் பல வாரங்கள் ஆயின. அதுவரை உப்புக் காற்றிலும் மழையிலும் கிடந்த வண்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

தை மாதத்தில் சாவி போட்டபோது என்ஜின் உடனே கிளம்பியது. கோளாறெல்லாம் விளக்கில்தான். இடது இண்டிகேட்டரைப் போட்டால் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து மினுக்கியது. ஹாரன் சில நேரம் அடித்தது, சில நேரம் அடிக்கவில்லை. ஒரு நாள் இரவு வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும்போது சாலையில் படுத்திருந்த மாடு மிக அருகில் வந்த பிறகுதான் கண்ணில் பட்டது. பின் இருக்கையில் அம்மாவும் என் மகளும் இருந்தார்கள். பிரேக்கை மிதித்த அந்த நொடியை நினைத்தால் இன்றும் கை நடுங்குகிறது. இந்த வேலையை நானே கற்றுக்கொண்டு செய்வது என்று அன்று முடிவு செய்தேன்.

அதற்கு முன் ஒரு கடையில் காட்டியிருந்தேன். பேட்டரியை மாற்றினார்கள். பிறகு 60/55 வாட் (தூரம் காட்டும் ஹை பீமுக்கு 60, அருகில் காட்டும் டிப்புக்கு 55) பல்புகளைக் கழற்றி 100/90 வாட் பல்புகளைப் போட்டார்கள். வெளிச்சம் கொஞ்சம் கூடியது உண்மைதான். பத்து நாளில் கிரில்லுக்குப் பின்னால் ரப்பர் கருகும் வாடை வந்தது.

எங்கள் தெருவில் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். வண்டியைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “மீட்டர் வைத்திருக்கிறாயா தம்பி?” வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரைத்தான் சொன்னார். இல்லை என்றேன். “பல்புக்குச் செலவழித்ததை மீட்டருக்குச் செலவழித்திருக்கலாம். முதலில் ஜாயின்ட்டைப் பார், அப்புறம் பல்பைப் பார்” என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்த சோதனையை இந்த ஆறு ஆண்டுகளில் எத்தனை முறை செய்திருப்பேன் என்று கணக்கில்லை. பழைய பல்புகளைத் திரும்பப் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, ஹை பீமைப் போட வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஜாயின்ட்டுக்கு முன்னும் மறு முனையை ஜாயின்ட்டுக்குப் பின்னும் வைக்க வேண்டும். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். விளக்கை அணைத்துவிட்டு ஓம்ஸ், அதாவது மின்தடை, பார்த்தால் அழுகிய ஜாயின்ட்டும் நல்ல ஜாயின்ட்டைப் போலவே காட்டும். ஒரே ஓர் இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டரின் சிறு மின்னோட்டம் போய்விடும். 10 ஆம்பியர் போகாது.

அன்று எங்கள் வண்டியில் பேட்டரியில் 13.5 வோல்ட், பல்பில் 10.8. இடையில் தொலைந்த 2.7 வோல்ட்டைத் தேடினோம். கிரில்லுக்குப் பின்னால் இருந்த புல்லட் கனெக்டரில் (வயர் முனையில் உள்ள குண்டு போன்ற புல்லட்டை, ரப்பர் உறைக்குள் இருக்கும் பித்தளைக் குழலில் செருகும் இணைப்பு) 1.1, எர்த்தில் (மின்சாரம் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை) 0.8, மீதி 0.8 ஸ்விட்சுகளில். கணக்குச் சரியாக வந்தபோது எனக்குப் புல்லரித்தது. பல்புக்குப் போகும் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறையும். இங்கே இருபது சதவீதம் குறைந்திருந்தது, அதாவது பாதி வெளிச்சம்கூட இல்லை. இன்னொன்றும் புரிந்தது. 1.1 வோல்ட், 10 ஆம்பியர் என்றால் 11 வாட் சூடு. சிறிய சாலிடரிங் அயர்னில் பாதிச் சூடு அந்த ரப்பர் உறைக்குள் ஓயாமல் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. பெரிய பல்பு போட்டதும் கருகியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அம்பாசிடரின் மூலம் மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்பதால் வயரிங்கும் லூகாஸ் என்ற பிரிட்டிஷ் மின்சாமான் கம்பெனியின் முறைப்படிதான். நிறங்களைப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பிரவுன் எப்போதும் உயிரோடு இருக்கும், அதில் பியூசும் கிடையாது. வெள்ளை சாவி போட்டால் வரும். பச்சை, சாவிக்குப் பிறகு பியூஸ் வழியாக வரும். நீலம் ஹெட்லைட், அதில் வெள்ளைக் கோடு போட்டது ஹை பீம், சிவப்புக் கோடு போட்டது டிப். சிவப்பு பார்க்கிங் விளக்கு, கறுப்பு எர்த். பிரவுன் வயரில் கை வைக்கும் முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். சாவி கையில்தானே இருக்கிறது என்று நினைத்து ஸ்பானரை அங்கே விட்டால் வண்டி தீப்பிடிக்கலாம்.

முதல் கனெக்டரைப் பிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. ரப்பர் உறை காய்ந்து கல்லாகியிருந்தது. வயரைப் பிடித்து இழுத்தால் வயர்தான் கையோடு வரும். ஹேர் டிரையரால் சூடாக்கி, இடுக்கியால் புல்லட்டின் கழுத்தைப் பிடித்து, மெல்லத் திருகித் திருகி எடுத்தேன். உள்ளேயிருந்து பச்சைத் தூள் கொட்டியது. கோயில் குத்துவிளக்கில் துலக்காத இடுக்கில் பிடிக்குமே, அதே களிம்பு. வயரின் மேலுறையைச் சீவினால் செம்பு கறுத்திருந்தது. ஒரு சென்டிமீட்டர் வெட்டினேன், கறுப்பு. இன்னொரு சென்டிமீட்டர், கறுப்பு. ஏழாவது சென்டிமீட்டரில்தான் செம்பு மின்னியது. உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறியிருக்கிறது. கறுத்த செம்பில் சாலிடர் ஒட்டாது, கிரிம்ப்பும் (டெர்மினலை வயரின் மேல் அழுத்திப் பிடிக்கவைப்பது) பிடிக்காது. வயர் குட்டையாகிவிடுமே என்று பாவம் பார்க்காமல் வெட்டுங்கள். அதே நிறத்தில், அதே தடிமனில் ஒரு துண்டு சேர்த்துக்கொள்ளலாம். ஹெட்லைட்டுக்கு 2 சதுர மி.மீ., சிறு விளக்குகளுக்கு 1 சதுர மி.மீ. போதும்.

பித்தளை டெர்மினல்களைத் துலக்க அம்மா புளியைக் கொடுத்தார்கள். பியூஸ் பாக்ஸின் பித்தளைப் பிடிகள் இரண்டே நிமிடத்தில் தங்கமாகப் பளபளத்தன. மூன்று மாதத்தில் முன்பைவிட அதிகமாகப் பச்சை பூத்தது. புளியின் அமிலம் இடுக்கில் தங்கிவிட்டதுதான் காரணம். இப்போதும் புளியைப் பயன்படுத்துகிறேன். ஆனால் டெர்மினலைக் கழற்றி வெளியே எடுத்துத்தான் தேய்க்கிறேன். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, மேலே லேசாக வாசலின் தடவுகிறேன். அப்படிச் செய்தவற்றில் இன்றுவரை களிம்பு இல்லை.

சாமான்களுக்குச் சென்னை போனேன். மீட்டரும், சூடாக்கினால் சுருங்கி வயரை இறுக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயும் ரிச்சி தெருவில், டெர்மினல்கள் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில். புல்லட் வாங்கும்போது அளவு பாருங்கள். லூகாஸ் புல்லட் 4.7 மி.மீ., ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களில் வருவது 3.9 மி.மீ. கடையில் சுலபமாகக் கிடைப்பது சிறியதுதான். பழைய உறைக்குள் அது போய் உட்காரும், ஆனால் பிடிக்காது. நான் முதலில் ஒரு பாக்கெட் நிறைய அதைத்தான் வாங்கி வந்து இரண்டு நாள் வீணாக்கினேன். உறைகளையும் புதிதாகவே போடுங்கள். உள்ளே இருக்கும் பித்தளைக் குழல் ஒருமுறை அகண்டுவிட்டால் அழுத்திச் சரிசெய்வது சில மாதங்களுக்குத்தான் தாங்கும்.

இனி ஜாயின்ட் போடும் முறை. மூன்று விதமும் எங்கள் வண்டியில் இருந்ததால் நேரிலேயே ஒப்பிட முடிந்தது. முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியவை அந்தக் கடையில் போட்டவை. என்ஜின் பக்கத்தில் இருந்தவற்றில் ஒரு சித்திரை வெயில் முடிவதற்குள் பசை உருகி வழிந்து, டேப் தானாகச் சுருள் பிரிந்துவிட்டது. அடுத்தது சாலிடர். நான் ஆரம்பத்தில் போட்டவை எல்லாம் அதுதான், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் உருகிய ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரைக் கம்பியாக்கிவிடுகிறது. கம்பி முடிந்து வயர் தொடங்கும் இடத்தில் அதிர்வு வேலையைக் காட்டுகிறது. டிக்கி மூடியில் நம்பர் பிளேட் விளக்குக்குப் போகும் வயர் இரண்டு முறை சரியாக அந்த இடத்திலேயே முறிந்தது. அசையாத இடத்தில், டேஷ்போர்டுக்குப் பின்னால் போட்ட சாலிடர்கள் இன்றும் நன்றாகவே இருக்கின்றன.

நான் மனதார நம்புவது கிரிம்ப்பைத்தான், அதுவும் ராட்செட் வைத்த கருவியால் போட்டதை. சாதாரணக் கட்டிங் பிளேயரால் நசுக்குவதைக் கிரிம்ப் என்று சொல்ல மாட்டேன். டெர்மினலில் இரண்டு ஜோடி இறக்கைகள் இருக்கும். முன்னால் இருப்பது செம்பைப் பிடிக்க, பின்னால் இருப்பது வயரின் மேலுறையைப் பிடிக்க. நல்ல கருவி முன் இறக்கைகளை உள்ளே சுருட்டி, இழைகளுக்குள் இரண்டு பக்கமும் இறக்கிவிடும். முழுவதும் அழுத்தி முடிக்காமல் ராட்செட் விடாது. முடிந்ததும் நன்றாக இழுத்துப் பார்க்கிறேன். என் இழுப்பில் வருவது வீட்டிலேயே வரட்டும். அதன் மேல் உட்புறம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க். சூடாக்கும்போது விளிம்பில் பசை மெல்லிய வளையமாகக் கசிந்தால் தண்ணீர் நுழையாது. முப்பதுக்கு மேல் போட்டிருக்கிறேன். தோற்றது ஒன்றே ஒன்று. அதைப் பிரித்துப் பார்த்தால், மேலுறையைப் போதுமான அளவு சீவாமல் பிளாஸ்டிக்கின் மேல் கிரிம்ப் செய்திருந்தேன்.

எர்த்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இண்டிகேட்டரோடு பார்க்கிங் விளக்கு மினுக்கியது அதனால்தான். விளக்கின் மின்சாரம் பாடிக்குத் திரும்ப வழியில்லாமல் பக்கத்து விளக்கின் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூவைக் கழற்றி, பெயின்ட்டையும் துருவையும் தகடு தெரியும்வரை சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு முறுக்கினேன். இருபது நிமிட வேலை. ஹாரனும் அதே நாளில் சரியானது.

பியூஸ் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய லூகாஸ் பியூசில் 35 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். இன்றைய 35 ஆம்பியர் கண்ணாடி பியூசை அங்கே போட்டால் பியூசுக்கு முன் வயர் எரியும். நான் 15 ஆம்பியர் போட்டிருக்கிறேன்.

2019 முடிவதற்குள் ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே வைத்தேன், ஹை பீமுக்கு ஒன்று, டிப்புக்கு ஒன்று. ரிலே என்பது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச். பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக நேராக ரிலேயின் 30ஆம் முனைக்கு, 87இலிருந்து பல்புக்கு. பழைய ஸ்விட்ச் 86க்கு மட்டும் மின்சாரம் கொடுக்கிறது, 85 எர்த். நாற்பது வயது ஸ்விட்ச் இப்போது சுடுவதே இல்லை. பல்பில் 13.1 வோல்ட் வந்தது. அதே 60/55 பல்புகள்தான். அன்று இரவு அப்பாவை முன் இருக்கையில் உட்காரவைத்து வேளாங்கண்ணி வரை போய் வந்தேன். “வாங்கிய புதிதில்கூட இப்படித் தெரியவில்லையே” என்றார்.

எலிக்கு நான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை. பலரும் சொன்னபடி புகையிலை கட்டித் தொங்கவிட்டேன். ஒரு மழைக்காலம் வரவில்லை, அடுத்த மழைக்காலம் அந்தப் புகையிலைக்குப் பக்கத்திலேயே பச்சை வயரைக் கடித்திருந்தது.

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன் எல்லாவற்றையும் அளந்து ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன். கிரில்லுக்குப் பின்னால் 1.1 இருந்த கனெக்டரில் இந்த ஆண்டு 0.05. எர்த்தில் 0.1. பின்பக்க வலது பிரேக் விளக்கில் மட்டும் சென்ற ஆண்டு 0.1 இருந்தது 0.4 ஆகியிருக்கிறது. அங்கே இன்னும் ஒரு பழைய உறை இருக்கிறது. புது உறை வாங்கி வைத்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை பிரிக்கப் போகிறேன்.