வேலூர் பக்கம் ஜாக் ரஸ்ஸல் குட்டி தேடுகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் படியுங்கள்

காட்பாடிக்குப் பக்கத்தில் வீட்டிலேயே வைத்து நாய்க்குட்டி விற்கும் ஒருவரிடம் 25,000 ரூபாய் கொடுத்து ஜாக் ரஸ்ஸல் டெரியர் வாங்கினோம். "ரெண்டு மாசம் முடிஞ்சிடுச்சுக்கா, முதல் ஊசி போட்டாச்சு, கேசிஐ பேப்பர் பின்னாடியே வந்துடும்" என்றார் (கேசிஐ என்பது நாயின் இனத்தைப் பதிவு செய்து சான்றிதழ் தரும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா). தாயைக் காட்டுங்கள் என்றதற்கு, அது ஆம்பூரில் சொந்தக்காரர் வீட்டில் இருக்கிறதாம்.

வந்த சில நாளிலேயே வாந்தி, ரத்தபேதி. கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார்: கடைவாய்ப் பால்பற்களே சரியாக முளைக்கவில்லை, ஆறு வாரம்கூட ஆகியிருக்காது என்றார். ஊசி அட்டையில் பேனாவால் எழுதிய தேதி மட்டும்தான். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் இல்லை, டாக்டர் கையெழுத்து இல்லை, பதிவு எண் இல்லை. வந்திருந்தது பார்வோ, குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய வைரஸ் நோய். டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, ராத்திரியெல்லாம் பக்கத்திலேயே உட்கார்ந்து எப்படியோ பிழைக்க வைத்தோம், எல்லாக் குட்டிக்கும் அந்தக் கொடுப்பினை இருக்காது. விற்றவரோ முதலில் "உங்க வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கல" என்றார், அப்புறம் போனையே எடுப்பதில்லை. பேப்பரும் வரவில்லை.

நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கு மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது, வளர்த்து விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைத் தைரியமாகக் கேளுங்கள். தாயைக் காட்டவில்லையா, பேரத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொரு பொய்யும் சொன்னார்: அமைதியான ஃப்ளாட் நாய், வாக்கிங்கே வேண்டாம் என்று. ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் நரி வேட்டைக்காக வளர்த்தெடுத்த இனம் இது, வளைக்குள் புகுந்து குரைத்து நரியை வெளியே கிளப்புவதுதான் அதன் வேலை. ஐந்தாறு கிலோ உடம்புதான், ஆனால் மண்ணைத் தோண்டும், விடாமல் குரைக்கும், பெருச்சாளி வாடை பட்டால் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாது. தினமும் ஒரு மணி நேரமாவது ஓடவிட வேண்டும், நம்ம ஊர் வெயிலில் அதை விடியற்காலையிலோ இருட்டிய பிறகோதான் செய்ய முடியும், தார் ரோடு பாதத்தைப் பொசுக்கிவிடும். இதற்கு நேரமில்லாதவர்கள் தலையில் இந்த நாயைக் கட்டுவது அந்த வாயில்லா ஜீவனுக்குச் செய்யும் கொடுமை.

இதே ஆளிடம் குட்டி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், எல்லோரும் சேர்ந்து கால்நடை பராமரிப்புத் துறையில் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுப்போம்.