முல்லைக் கொடிக்குப் பதியமா, குச்சியா?

வாசல் முல்லையிலிருந்து மாடிக்கு இன்னொரு கொடி வேண்டும் என்று போன ஆடியில் இறங்கினேன். எட்டுக் குச்சிகள் வெட்டித் தொட்டியில் நட்டேன், இரண்டு கிளைகளைக் கொடியிலிருந்து வெட்டாமலே வளைத்து மண்ணுக்குள் அமுக்கிப் பதியம் போட்டேன். குச்சியில் பிழைத்தது இரண்டு. பதியம் இரண்டுமே வேர் பிடித்தன. அதிலிருந்து நான் பதியத்தின் பக்கம்தான்.

விதை சங்குப்பூவுக்குச் சரி. முல்லை, பிச்சி, குண்டுமல்லிக்கெல்லாம் வீட்டில் இந்த இரண்டு வழிதான்.

குச்சியில் நிறைய நாற்று கிடைக்கும். ரொம்பப் பிஞ்சாகவும் இல்லாமல், ரொம்ப முற்றாமலும் உள்ள கிளையில் மூன்று கணு இருக்கிற மாதிரி, ஒரு சாண் நீளத்துக்கு, கணுவை ஒட்டி வெட்டிக்கொள்ள வேண்டும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு மணல் கலந்த மண்ணில் செருகினால் போதும். தொல்லை எல்லாம் அதற்குப் பிறகு, தண்ணீரில்தான். இலை வழியாக ஈரம் போய்க்கொண்டே இருக்கும், கீழே உறிஞ்ச வேர் கிடையாது. ஒரு மதியம் மண் காய்ந்தாலே துவண்டுவிடும். பயந்துபோய்க் கூடுதலாக ஊற்றினால் அடி கறுத்து அழுகும். ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் மூன்று நாள் கழித்து வந்தபோது நான்கு குச்சிகள் கருகிக் கிடந்தன.

பதியத்தில் இந்தப் பாடு இல்லை. கிளை தாய்ச்செடியோடு ஒட்டியே இருக்கிறது. தண்ணீர் தண்டின் உள்கட்டை வழியாக ஏறுகிறது, இலை செய்யும் உணவு பட்டை வழியாக இறங்குகிறது. கணுவுக்குக் கீழே பட்டையை மட்டும் லேசாகச் சீவிவிட்டால் இறங்கும் உணவு அங்கே தேங்கும், வேரும் அங்கேயே கிளம்பும். தண்ணீர் வரத்து நிற்காததால் கிளை வாடாது. சீவிய இடத்தைத் தொட்டி மண்ணுக்குள் நான்கு விரல் ஆழத்தில் அமுக்கி, கவைக்குச்சி குத்தி, மேலே ஓர் ஓட்டுத்துண்டு வைத்தேன். நுனி வெளியே நிமிர்ந்திருக்க வேண்டும். இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற மறந்தும் அது அசரவில்லை. அப்புறம் தை மாதம் பக்கத்து வீட்டு அக்காவுக்காக மூன்று போட்டேன், மூன்றும் பிடித்தன.

பொறுமைதான் வேண்டும், மூன்று நான்கு மாதம் ஆகும். தாய்க்கொடி வேறு வீட்டில் இருந்தால் குச்சியைத் தவிர வழியில்லை. மாமியார் வீட்டுப் பிச்சியை ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்து, செருகிய பிறகு பிளாஸ்டிக் பாட்டிலைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைத்தேன். ஐந்தில் மூன்று வந்தன. ஒரே முறை செய்தது, பாட்டிலால்தான் பிழைத்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வெற்றிலை, மிளகுக் கொடிகளுக்குக் கணுவிலேயே வேர் இருக்கும், அதற்குப் போய்ப் பதியம் போடுவது வீண் வேலை.

பதியத்தைப் பிரிக்கும்போது மட்டும் அவசரப்படாதீர்கள். தாய்ப்பக்கத் தண்டில் முதலில் பாதி அளவு வெட்டி விடுங்கள். பத்து நாள் கழித்தும் தளிர் நிமிர்ந்து நின்றால் ஒரு சாயங்கால வேளையில் முழுதாக நறுக்கி, வேர்மண் உதிராமல் எடுத்து நட்டு, ஒரு வாரம் நிழலில் வையுங்கள். என் மாடிக்கொடி அப்படிப் பிரித்ததுதான், இப்போது கைப்பிடிச் சுவர் ஏறிவிட்டது.