அப்பாவின் முதுகு: ஆபரேஷனா, பயிற்சியா?

அப்பா சைக்கிள் மிதித்தே சுங்கை சிப்புட் டவுனுக்குப் போய் மீன் வாங்கி வந்துவிடுவார். நடக்கச் சொன்னால் எங்கள் தோட்ட லயத்தின் கடைசி வீட்டைத் தாண்ட மாட்டார். செம்பனைக் குலை வெட்டிய உடம்பு. கால் குடைய ஆரம்பித்ததும் எங்காவது குனிந்து உட்காருவார். ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும்.

ரத்தக் குழாய் அடைப்பு என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் அது நின்றாலே அடங்கும், சைக்கிள் மிதித்தால் வலிக்கும். அப்பாவுக்கோ குனிந்தால்தான் நிம்மதி. கோளாறு முதுகெலும்பில். குனியும்போது அதற்குள் நரம்பு போகும் குழாய் சற்று விரிகிறது. நிமிர்ந்தால் தடித்துப்போன தசைநார் உள்பக்கம் மடங்கி நரம்பை நெரிக்கிறது. எம்ஆர்ஐயில் 'கடுமையான ஸ்டெனோசிஸ்', அதாவது அந்தக் குழாய் மிகவும் குறுகிவிட்டது, என்று வந்தது. அந்த ஒரு சொல்லே ஆபரேஷனை முடிவு செய்துவிடாது. படத்தில் மோசமாக இருந்தும் நன்றாக நடப்பவர்கள் உண்டு.

முதலில் பயிற்சி. 2015இல் அமெரிக்காவில் 169 பேரை வைத்து நடந்த ஆய்வில், இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது ஆபரேஷனும் பிசியோதெரபியும் ஏறக்குறைய சமம். ஆனால் பயிற்சிக்கு ஒதுக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேல் நடுவிலேயே ஆபரேஷனுக்குப் போய்விட்டார்கள். அதனால் 'பயிற்சியே போதும்' என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்பமாட்டேன். செலவில்லாதது, முயன்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசிக்கு நான் அதிகம் யோசிக்கவில்லை. 2014இல் 400 பேரிடம் பார்த்தபோது, வெறும் மரப்பு மருந்தைவிட அது பெரிதாக எதையும் கொடுக்கவில்லை.

ஆபரேஷன் என்றாலும் இரண்டு வகை. நரம்பை அழுத்தும் எலும்பையும் தசைநாரையும் செதுக்கி இடம் விடுவது ஒன்று. அதோடு திருகு போட்டு எலும்புகளை இணைப்பது இன்னொன்று. ஒரு தனியார் மருத்துவமனை எடுத்த எடுப்பிலேயே திருகு என்றது. ஏன் என்று கேட்டதற்கு, "நல்லா இருக்கும் ஐயா" என்பதே பதில். 2016இல் சுவீடனில் 247 பேரை ஒப்பிட்டதில், திருகு போட்டவர்கள் இரண்டு வருடத்தில் கூடுதலாக எதையும் பெறவில்லை. மருத்துவமனையில் மட்டும் 4 நாளுக்குப் பதில் 7 நாள் படுத்தார்கள். எலும்பு நிலையில்லாமல் ஆடுகிறது என்றால் கதை வேறு. அப்பாவுக்கு அப்படி இல்லை, ஆகவே செதுக்கினால் போதும் என்பது என் கணக்கு.

அதிலும் எதிர்பார்ப்பு சரியாக இருக்கவேண்டும். தேறுவது கால் வலியும் நடையும். முதுகு வலி அப்படியே நிற்கலாம். வருடங்கள் போனால் பலனும் கொஞ்சம் தேயலாம். அப்பாவுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது, புண்ணில் கிருமி தொற்றும் பயம் கூடுதல். தே தாரிக் டீயில் இனிப்புப் பாலைக் குறைக்கச் சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

காத்திருக்கவே கூடாத நிலையும் உண்டு. சிறுநீர் போகாமல் நின்றுவிடுவது, தொடை இடுக்கு மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது. அன்றைக்கே எமர்ஜென்சி, எந்த ஒப்பீடும் வேண்டாம்.

மூன்று மாதம் பயிற்சி செய்தார் அப்பா. எத்தனை விளக்குக் கம்பம் நடந்தார் என்று காலண்டரில் குறித்து வைத்தோம். தீபாவளிக்கு முன் பதினொன்று. தைப்பூசத்தன்று நாலு. ஈப்போ அரசாங்க மருத்துவமனையில் டாக்டரிடம் அந்தக் காலண்டர் தாளைத்தான் நீட்டினேன். "செதுக்கிவிட்டால் போதும்" என்றார். இப்போது தேதிக்குக் காத்திருக்கிறோம்.