சத்துவாச்சாரி பெங்காலி வகுப்பு: நெய்யும் ஆச்சேவும்

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன், கவுண்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பெங்காலிக்காரர்கள். சைகையிலும் அரைகுறை இந்தியிலும் பத்து வருஷம் ஓட்டிவிட்டேன். சீட்டை நீட்டி "ஓஷுத் ஆச்சே?" என்பார்கள். மருந்து தீர்ந்துபோச்சா என்று கேட்கிறார்கள் போல என நினைத்து, நானும் "இருக்கு இருக்கு" என்று தலையாட்டுவேன். அவர்கள் கேட்டதே 'இருக்கா' என்றுதான் என்பது இந்த வகுப்பில் சேர்ந்த அப்புறம்தான் தெரிந்தது.

ஒரு வீட்டு மாடியில், இங்கேயே குடியேறிவிட்ட பெங்காலி அம்மா ஒருவர் நடத்துகிறார், எல்லோருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா. எட்டு வாரம், 2,400 ரூபாய். இலக்கணமெல்லாம் கிடையாது, முதல் நாளே கதை. ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில் என்று நம்ம ஊரைச் சொல்வார்களே, அதையே எடுத்துக்கொண்டார். கெல்லாய் ராஜா நெய். நோதிதே ஜோல் நெய். நெய் என்றால் இல்லை! பிறகு அந்த ஒரு வரியையே பிடித்துக்கொண்டு, ராஜா இருக்கிறாரா, ராணியா, கோட்டையிலா ஆற்றிலா, உங்கள் கடையிலா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், பத்து நிமிஷத்தில் வாய் தானாகச் சொல்ல ஆரம்பிக்கிறது. கலிபோர்னியாவில் ஸ்பானிஷ் வாத்தியாராக இருந்த பிளேன் ரே 1990-களில் பரப்பிய முறையாம். சொல் கொஞ்சம், கேள்வி நிறைய, கதைக்குள் நாமும் ஒரு ஆள்.

"மொந்திரே டாக்குர் நெய்" என்றதும் பின்வரிசைப் பெரியவர் எழுந்துவிட்டார். 1981-லேயே ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக் கோயிலில் திரும்ப வைத்தாயிற்று, எப்படி இல்லை என்று சொல்லலாம் என்று சண்டை. தீதி சிரித்துக்கொண்டே பலகையில் நெய்யை அழித்துவிட்டு ஆச்சே என்று எழுதினார். டாக்குர் ஆச்சே. இனி செத்தாலும் மறக்காது.

குறை என்றால் எண்கள்தான். கதையில் மூன்று நாலைத் தாண்டுவதில்லை, பெங்காலியிலோ நூறு வரைக்கும் கிட்டத்தட்ட ஒவ்வொன்றையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும், சில்லறை கொடுக்கிற எனக்கு அதுதானே முதலில் வேண்டும்? கேட்டால் அப்புறம் பார்க்கலாம் என்கிறார். ஒரே அறையில் இருபது பேர் வேறு, வெட்கப்படுகிறவர்கள் கடைசிவரை வாய் திறக்காமலே தப்பித்துவிடலாம். எழுத்து சொல்லித் தருவதில்லை, எனக்கு அது தேவையும் இல்லை.

லாட்ஜ், ஓட்டல், ஆட்டோக்காரர்கள் தாராளமாகச் சேரலாம். ஆறரை மணி வகுப்புக்கு ஆறேகாலுக்கே போய்விடுங்கள், அந்தத் தெருவில் வண்டி நிறுத்த இடம் நெய்.